இரவல் இமைகள்

ஆன்ட்ரூஸின் கீழுதட்டு ஓரத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

லேப்டாப் திரையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து ஜின்சி கையை வீசினாள். அது பறக்கவில்லை. நைட்டியின் நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. படத்தைப் பெரிதாக்கியபோது ஈயும் கூடவே பெரிதானது. பச்சை மினுங்கும் முதுகும், ஒட்டி மடங்கிய சிறகும், அவள் கணவனின் உதட்டு ஈரத்தில் ஊன்றிய கால்களுமாக அது படத்துக்குள்ளேயே இருந்தது. அவர்களுடைய கல்யாணப் படம் அது. கல்யாணம் முடிந்த வாரமே அந்த ஆல்பத்தைத் தானே உட்கார்ந்து திருத்தி, யாரையும் கேட்காமல் தன் மூக்கைக் கொஞ்சம் கூராக்கிக்கொண்டவள் ஜின்சி. அவள் கண்ணுக்கு ஒரு பருகூடத் தப்பாது, ஈ எப்படித் தப்பும்?

கருங்கல் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜான்ரோஸுக்காக, இனயத்தில் கடலோர வீட்டில் இருந்தபடியே படங்களைத் திருத்திக் கொடுப்பது அவள் வேலை. ஒரு ஈயைத் தேய்த்து எடுப்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். எடுத்தாள், சேமித்தாள். படம் ஆன்லைனுக்கு ஏறிவிட்டதென்று பச்சை டிக் விழுந்தது. அடுக்களைக்குப் போய் பாலில்லாமல் ஒரு கட்டன்சாயா போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஈ மேலுதட்டில் இருந்தது.

வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டி, ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வாசலில் போட்ட தகரத்தில் மத்தளம் வாசித்துக்கொண்டிருக்க, அதற்கும் அப்பால் கடல் தடுப்புக்கல்லில் வந்து மோதிப் பெருமூச்சு விட்டுப் பின்வாங்கும் சத்தம் சன்னல் மூடியிருந்தும் தரை வழியாகக் காலுக்குக் கேட்டது. இனயத்தில் ஒருவர் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தால் அவர் வெளியூர் என்று அர்த்தம். கருவாடும் வலையும் பழகிய மூக்குக்கு அது நாற்றமே இல்லை. ஆனால் லேப்டாப்பின் விசிறி சூடாகிச் சுழல ஆரம்பித்ததும் அதன் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து வந்தது மீன் மணம் இல்லை. நனைந்த சாக்கைப் பிரித்தால் வரும் நெடி, அதற்கு அடியில் மெல்லிய ஒரு இனிப்பு. ஜின்சி சாயாவைக் கீழே வைத்தாள், அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

இத்தனைக்கும் ஆன்லைனில் படங்களை ஏற்றும் ஏற்பாடு வந்ததே உப்பால்தான். கடற்காற்று ஹார்ட் டிஸ்க்கைத் தின்றுவிடும். போன வருடம் ஒரு கல்யாணப் படம் மொத்தமும் அப்படிப் போய், பெண் வீட்டார் ஜான்ரோஸின் சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் கிளவுட்டில் பெரிதாக இடம் வாங்கினார். ஜின்சி கம்ப்யூட்டரில் எதைச் சேமித்தாலும் தானாக மேலே போய்விடும். மேலே ஒன்று மாறினால் கீழேயும் அதுவாகவே மாறிவிடும். இடம் தாராளமாகக் கிடந்ததால் ஜின்சி தன் வீட்டுப் படங்களையும், போனில் இருந்தவற்றையும் அதிலேயே கொண்டுபோய்க் கொட்டினாள். ஓசியில் கிடைப்பதை யார்தான் விடுவார்கள்?

பிறகு கிளீட்டஸ் வந்தான்.

பக்கத்து ஊர்க்காரன். வள்ளத்திலிருந்து தவறி விழுந்தவனைக் கடல் வைத்திருந்து, மெதுவாகத்தான் திருப்பிக் கொடுத்தது. இந்தக் கரையில் அடக்கம் என்றால் பெட்டியைச் சுற்றிச் சொந்தமெல்லாம் நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். குவைத்தில் இருப்பவனும் மஸ்கட்டில் இருப்பவளும் அதைப் பார்த்துத்தான் அழுவார்கள். பிறகு அது வீட்டுச் சுவருக்கு வரும். கிளீட்டஸின் மனைவி ஞானசெல்வி ஜின்சியைப் போனில் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"மொகம் இல்லாம எப்பிடி மக்கா படம் மாட்டுதது? ஒறங்குத மாதிரி ஒரு மொகம் வச்சுத் தா. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜான்ரோஸ் பெட்டியை ஒரு நொடி திறந்து எடுத்த படம் ஜின்சிக்கு வந்தது. படத்துக்கு மணம் கிடையாது என்று தெரிந்தும் அவள் மூக்கில் தைலம் தடவிக்கொண்டுதான் அதைத் திறந்தாள். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கடல்பேன் தின்று தீர்த்த இரண்டு குழிகள். மேலுதடு இல்லை. கன்னத்துத் தோல் ஈரத்தாளாக நழுவிக் காதுப்பக்கம் மடிந்து கிடந்தது. முதல் நாள் அவள் பாதி வேலையில் எழுந்து போய் வாந்தி எடுத்தாள்.

கிளீட்டஸின் பழைய படம் என்று அந்த வீட்டில் இருந்தது அடையாள அட்டையில் முழித்துக்கொண்டிருந்த ஒன்றுதான். மூடிய கண் வேண்டும். தூங்கும் ஆணின் முகம் வேண்டும். அவளிடம் அப்படி ஒன்று இருந்தது. குறட்டை விட்டு உறங்கும் ஆன்ட்ரூஸைக் கேலி செய்வதற்காக அவளே போனில் எடுத்த படம். கடலுக்குப் போகிறவர்களுக்கு வெயில் ஒன்றுதான், கறுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அவன் இமைகளை எடுத்தாள், வாயை எடுத்தாள், கொஞ்சம் கன்னத்தையும் எடுத்தாள். கிளீட்டஸின் முகத்தில் வைத்து, ஓரங்களைக் கரைத்து, நிறத்தை இழைத்தாள். நல்ல வேலை. ஞானசெல்வி படத்தைப் பார்த்து அழுதாளாம், பிறகு முத்தம் கொடுத்தாளாம். அது தன் கணவனின் வாய் என்று ஜின்சி யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் கிளவுட்டுக்குத் தெரிந்துவிட்டது. அது முகம் பார்த்துப் படங்களை ஆள்வாரியாகப் பிரிக்கிறது. இரண்டு வட்டங்களைக் காட்டிக் கேட்டது: இவர்கள் இருவரும் ஒரே நபரா? ஒரு வட்டத்தில் பெட்டியில் கிடந்த முகம், இன்னொன்றில் தூங்கும் ஆன்ட்ரூஸ். இல்லை என்று அழுத்தினாள். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அவசர வேலையாக ஒரு ஞானஸ்நான ஆல்பத்தை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் திரையை மறித்துக்கொண்டு மறுபடியும் வந்து நின்றது.

"சவத்த, ஆமான்னே வச்சுக்கிடு" என்று சொல்லிவிட்டு ஆம் என்பதை அழுத்தினாள்.

இரண்டு வட்டங்களும் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. கீழே ஆன்ட்ரூஸ் என்று ஒரே பெயர். அதற்குப் பிறகு வந்ததுதான் ஈ.

ஈக்குப் பின்னால் பஞ்சு வந்தது. திற்பரப்பு அருவியில் தலையைச் சிலுப்பிக்கொண்டு ஆன்ட்ரூஸ் சிரிக்கும் படத்தில், மூக்குத் துவாரத்துக்குள் வெள்ளையாக ஒரு நுனி. புது பைக்கில் சாய்ந்து நிற்கும் படத்தில் கன்னம் ஒரு பக்கம் உப்பி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. கோயில் திருவிழாவில் எடுத்ததில் கழுத்து பச்சை பாய்ந்திருந்தது. எல்லாப் படங்களிலும் பக்கத்தில் ஜின்சி. அவன் தோளில் தலை சாய்த்திருக்கும் ஜின்சி. பஞ்சு முளைத்த மூக்கோடு கன்னம் ஒட்டிச் சிரிக்கும் ஜின்சி. அவள் திருத்தத் திருத்த அது திரும்பி வந்தது, வரும்போது இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்தது. போனில் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

ஜான்ரோஸ் கூப்பிட்டார்.

"ஜின்சி மக்கா, ஒனக்க மாப்பிளைக்க படத்துல என்னத்தப் போட்டு வச்சிருக்க? கல்யாண ஆர்டருக்கு வந்தவங்களுக்குக் காட்டலாம்னு தொறந்தேன். பெண்ணுக்க அம்மைக்காரி வாயப் பொத்திக்கிட்டு வெளிய எறங்கிப் பெய்ட்டா."

"நான் ஒண்ணும் போடல்ல அண்ணே."

"பின்ன ஆரு போட்டா? சீக்கிரம் எடுத்துக் களஞ்சிரு. எனக்கு மத்தியானச் சோறு எறங்கல்ல."

தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்புவதற்கு அவள் வைத்திருந்த கடைசி இடமும் அதோடு போயிற்று. போனைக் கீழே வைப்பதற்குள் ஞானசெல்வியிடமிருந்து அழைப்பு வந்தது. அவளிடமும் படங்களைப் பார்க்கும் ஆன்லைன் இணைப்பு இருந்தது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்ப ஸ்டுடியோவே கொடுத்தது.

"ஜின்சி, நீ நல்லா இருப்ப. படத்துல அவரு ஓரோ நாளும் கொள்ளாம் ஆயி வாறாரு, கேட்டியா. கன்னம் வச்சாச்சு. நேத்து ஒதட்டுல செவப்பு வந்திருக்கு. நான் போன எடுத்து எடுத்துப் பாக்குதேன்."

"அக்கா, அது வெளிச்சத்துல அப்பிடித் தெரியுததா இருக்கும்."

"என்னவும் ஆயிருக்கட்டும். நீ அத மட்டும் மாத்திராத மக்கா."

அன்று ஜின்சி சமைக்கவில்லை. பிரிட்ஜில் இருந்த மீனை எடுத்து, அதன் வெளுத்த கண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தாள். ஆன்ட்ரூஸின் சட்டை கொடியில் தொங்கியது. அவன் கடலில் இருக்கும் நாட்களில் அதை முகர்ந்துவிட்டுப் படுப்பது அவளுக்குப் பழக்கம். அன்று அதன் பக்கம் போகவே கூசியது. கூசுகிறதே என்று தன்மேலேயே கோபமும் வந்தது, ஆனாலும் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆன்ட்ரூஸ் போட்டிலிருந்து சாட்டிலைட் போனில் பேசினான். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. வார்த்தைகள் காற்றில் நைந்து, பாதிப் பாதியாக வந்தன.

"ஏட்டி, நாளக்கி காலையில தேங்காப்பட்டணத்துல கரை பிடிச்சிருவோம்."

"ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"ஒடம்புக்கு என்ன? மொகந்தான் ஊறுது. தோலுக்கு அடியில என்னமோ நடக்குத மாதிரி. உப்புத் தண்ணிக்க வேலையா இருக்கும். ஒண்ணு சொல்லட்டா? எனக்க பக்கத்துல இருந்து ஒருத்தனும் சோறு தின்ன மாட்டேங்குதான். தட்ட எடுத்துக்கிட்டு முன்னால அணியத்துக்குப் போறானுவ."

"குளிச்சியளா?"

"குளிச்சேன். தேச்சுத் தேச்சுக் குளிச்சேன்."

அந்தக் குரலில் அவன் எப்போதும் காட்டாத ஒரு வெட்கம் இருந்தது. ஜின்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாங்க, நான் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். எதிரே திரையில் அவன் முகம் திறந்து கிடந்தது, மேலுதடு பாதி போய், ஈறு தெரிய. "வாங்க" என்று மட்டும் சொன்னாள். இன்னும் ஒரு நாள் கழித்து வந்தால் நல்லது என்று மனசு சொன்னதையும் அவள் கேட்டாள்.

பிரிக்க வேண்டும். அவன் கரை சேர்வதற்குள் பிரித்துவிட வேண்டும்.

மழை இருட்டில் வீடு மூன்று மணிக்கே மங்கிவிட்டது. மின்சாரம் போய், லேப்டாப் பேட்டரியில் ஓடியது. கிளவுட்டின் உள்ளே தேடித் தேடி, சேர்ந்த நபர்களைப் பிரிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். விசிறி உறுமியது. இனிப்பு நெடி மேசையைத் தாண்டி அறை முழுக்கப் பரவியது. தலையணை உறையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுபடியும் இரண்டு வட்டங்கள்.

இவர்களில் ஆன்ட்ரூஸ் யார்?

இடது பக்கம் ஒரு முகம் தூங்கியது. வடிவான முகம். கன்னம் நிறைந்து, உதட்டில் ரத்தம் ஓடி, இமைகள் லேசாக ஈரம் மின்ன மூடியிருந்தன. வட்டத்தின் ஓரத்தில் பெட்டிக்குள் வைத்துத் தைக்கும் வெள்ளைத் துணியின் சுருக்கம் தெரிந்தது. வலது பக்கத்தில், கல்யாணக் கோட்டுக்கு மேலே, குழிகள். நழுவிய தோல். பல். ஒரு குழிக்குள் ஏதோ அசைந்தது. படம்தான். ஆனாலும் அசைந்தது.

கோட்டு அவளுக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் அவளே தேர்ந்தெடுத்த கோட்டு. வலது பக்கம் இருப்பவன்தான் தன் ஆள் என்று புத்தி சொன்னது. அந்தத் தாடையில் கோடாக ஏதோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இன்னும் உறுதியாகியிருக்கும். அவளால் அதைப் பெரிதாக்க முடியவில்லை. ஆன்ட்ரூஸ் என்ற பெயர் எந்த முகத்துக்குப் போகிறதோ அதுதான் அவனுக்கு வரும், நாளைக்கு வரப்போகிறவனுக்கு எந்த முகம் வேண்டுமென்றுதானே கேட்கிறது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்த நியாயம் பிறகு வந்தது. விரல் முதலில் போய்விட்டது. அருவருப்புதான் விரலைப் பிடித்து நடத்தியது.

இடது பக்கத்தை அழுத்தினாள்.

அப்படியானால் இவர் கிளீட்டஸா? என்று வலது வட்டத்தைக் காட்டிக் கேட்டது.

ஆம்.

பச்சை டிக்குகள் வரிசையாக விழுந்துகொண்டே போயின. கல்யாணப் படம் சுத்தமானது. அருவி சுத்தமானது. பைக், திருவிழா, எல்லாம். விசிறி நின்றது. மழை மட்டும் கேட்டது. ஜின்சி மூக்குக் கட்டை அவிழ்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் வெயில் அடித்தது. ஆட்டோ வாசலில் நின்றதும் ஓடினாள். ஆன்ட்ரூஸ் இறங்கினான். பையும், ஒரு சூரை மீனும், வெயிலில் மினுங்கும் முகமும். கன்னம் நிறைந்திருந்தது. ஒரு மாதம் கடலில் கிடந்தவன் மாதிரியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, மாப்பிள தெளிஞ்சு வந்திருக்காரே என்றார்கள். அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள். சோப்பு மணம் மட்டும்தான் வந்தது.

கஞ்சி வைத்தாள். அவன் குளிக்கப் போனான். அடுப்பைத் தணிக்கும்போது போனில் ஞானசெல்வியின் குரல் பதிவு வந்து கிடந்தது. கேட்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"ஜின்சி, என்ன செய்து வச்சிருக்க மக்கா? படத்துல அவரு இல்ல. மொகம் எல்லாம் போச்சு, அத விடு, நான் மொதல்லயே கண்டதுதான். ஆனா தாடையில ஒரு வெட்டுத் தழும்பு கெடக்கு. அவருக்குத் தழும்பே கெடையாது. பெட்டிக்குள்ள கெடக்குதது ஆரு மக்கா? வாய் வேற ஓரோ தடவையும் ஓரோ மாதிரி இருக்கு. விளிச்சுக் கூப்பிடுத மாதிரி. ஆர விளிக்குதாரு?"

ஆன்ட்ரூஸின் தாடையில் பெரிய தூண்டில் முள் கிழித்த தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் கிழித்தது. இருட்டில் விரலால் தடவினாலே தெரியும். அவள் எத்தனையோ முறை தடவியிருக்கிறாள்.

குளியலறைக் கதவு திறந்தது.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தாடை வழுவழுவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. சுத்தமான தாடை.

"ஏட்டி."

அவன் குரல்தான்.

"கண்ணுல என்னமோ கெடக்குது. ஊதி விடு."

முகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினான். கண்கள் மூடியிருந்தன. பொறுமையாக, நம்பிக்கையாகக் காத்திருந்தான். ஓடலாம். கதவு திறந்துதான் கிடந்தது. எங்கே ஓடுவது? யாரிடம் போய் என்ன சொல்வது? அவள் கை தானாக எழுந்தது. கட்டைவிரலை இமைமேல் வைத்தாள். குளிர்ந்திருந்தது. புருவத்துக்குக் கீழே மெல்லிய கோடு. மேலே ஒரு கறுப்பு, கீழே இன்னொரு கறுப்பு. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. கிளீட்டஸின் படத்தில் அவள் கரைத்த ஓரம். அவளுடைய வேலை.

இமையைத் தூக்கினாள்.

வந்துவிட்டது. முழுதாக. மயிரோடு, ஈரமாக, அவள் விரலில் ஒட்டிக்கொண்டு.

அடியில் குழி. குழிக்குள் வெளிறிய சின்னச் சின்ன முதுகுகள், நெருக்கியடித்து, வெளிச்சம் பட்டதும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டன.

அவன் அசையவில்லை. வலிக்கவும் இல்லை போலிருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு.

"பெய்ட்டுதா?" என்று கேட்டான்.

"இல்ல."

"இன்னும் பக்கத்துல வா. ஊது."

ஜின்சி குனிந்தாள். உதட்டைக் குவித்தாள். ஊதினாள்.